மேலகிரிப் பக்கம் காட்டுப்பூ பார்க்கப் போகிறவர்களுக்கு: அனுமதி, காலம், காகிதம், செலவு

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் மேற்கில் இருக்கும் மேலகிரி மலைப் பகுதியில், அதாவது ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம், மழைக்குப் பிறகு புல்வெளியும் பாறையும் பூத்துக் கிடப்பதைப் பார்க்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறவர்கள், தாவரவியல் படிக்கும் மாணவர்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போக நினைக்கும் ஆசிரியர்கள். எல்லாரும் முதலில் கேட்பது "எந்த இடம்?" என்றுதான். இடம் ஒரு பிரச்சினையே இல்லை. எப்போது போவது, யாரிடம் கேட்பது, என்ன காகிதம் கொடுப்பது, இந்த மூன்றுதான் ஆளை அலைக்கழிக்கும். சொல்லித்தர ஆள் இல்லாமல் நானும் நண்பர்களும் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அலைந்தோம். காகிதம் கைக்கு வந்தபோது பூக்காலம் முடிந்து புல் காய்ந்திருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. எது சரணாலயம், எது இல்லை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் மேற்குப் பக்கக் காடுகளில் பெரும்பகுதி இப்போது வனஉயிரினச் சரணாலயம். காவேரி வடக்கு சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு சுமார் 504 சதுர கிலோமீட்டர். காவேரி தெற்கு சரணாலயம் 2022 நவம்பரில் வந்தது, சுமார் 686 சதுர கிலோமீட்டர். இவை போகக் காப்புக்காடுகள், அதாவது அரசு சட்டப்படி ஒதுக்கிப் பாதுகாக்கும் காடுகள், தனியாக இருக்கின்றன. கண்ணால் பார்த்து எல்லை தெரியாது. ஒரு பக்கம் ராகிக் கொல்லை, அடுத்த வரப்பில் காப்புக்காட்டுக் கல் என்று இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதும். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, சரணாலயத்துக்குள் அங்கே குடியிருப்பவர்கள், அங்கே நிலம் உள்ளவர்கள், பொதுச் சாலையில் கடந்து போகிறவர்கள் போன்ற சிலரைத் தவிர வேறு யாரும் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைய முடியாது. அந்தச் சீட்டை எதற்கெல்லாம் கொடுக்கலாம் என்பது 28-ஆம் பிரிவில் இருக்கிறது: வனஉயிர்களைப் பற்றிய ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே வசிப்பவர்களோடு முறையான வேலை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்கும், அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கலுக்கும் போகும் சாலைகள் காட்டுக்குள்தான் போகின்றன. சாலையில் போக யாரும் தடுக்கமாட்டார்கள். "சாலையில் விடுகிறார்களே, பத்து அடி இறங்கினால் என்ன?" என்று வண்டியை ஓரங்கட்டி இறங்குகிறவர்கள் நிறையப் பேர். சாலை பொதுச் சாலை, அதன் ஓரத்துப் புல் காடு. அபராதத்தில் மாட்டுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

2. அனுமதி தேவைப்படாத இடத்தில் கண்ணைப் பழக்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் நேராகச் சரணாலயத்துக்கு மனுப் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. முதல் பருவத்தை வெளியிலேயே கழியுங்கள். பார்க்க வேண்டிய செடிகளில் பாதிக்கு மேல் அங்கேயே இருக்கின்றன.

ராயக்கோட்டைக் கோட்டை மலை நல்ல தொடக்கம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். ஓசூர் – தருமபுரி ரயில் பாதையிலேயே ராயக்கோட்டை நிலையம் இருப்பதால் வண்டி இல்லாதவர்களும் போகலாம். படியோரப் புல், பாறை இடுக்கு, மேலே தேங்கிய மழைநீர்க் குழி, மூன்று விதமான வாழிடத்தையும் ஒரே ஏற்றத்தில் பார்த்துவிடலாம். கிருஷ்ணகிரிக் கோட்டை மலையும் அப்படித்தான். தருமபுரிக்காரர்களுக்கு வத்தல்மலைச் சாலை இருக்கிறது, அரூர் பக்கத்துக்காரர்களுக்குத் தீர்த்தமலைக் கோயில் படிகள் இருக்கின்றன. இங்கேயும் படியையும் பாதையையும் விட்டு விலகாதீர்கள், சுற்றிலும் காடுதான்.

அப்புறம் ஏரிக்கரைகள். கெலமங்கலம், தளி, தேன்கனிக்கோட்டைச் சுற்றில் ஏரிக்குப் பஞ்சமில்லை. ஆவணி, புரட்டாசியில் ஒரு ஏரிக்கரையைக் காலை முழுக்க மெதுவாக நடந்து பார்த்தாலே ஒரு நோட்டு நிறையும்.

ஒரு எச்சரிக்கை. பெட்டமுகிலாளம் மாதிரி மேட்டு ஊர்களுக்குப் போகும் வழியில் புரட்டாசி, ஐப்பசியில் மஞ்சள் மஞ்சளாக ஒரு சரிவே பூத்துக் கிடக்கும். அது பேயெள்ளு வயல், எண்ணெய்க்காக விதைத்த பயிர். காட்டுப்பூ என்று நினைத்து நடுவில் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். மிதிபட்ட செடி எழுந்து காய்க்காது. கொல்லைக்காரரிடம் கேட்டால் வரப்பில் நிற்கச் சம்மதிப்பார், ராகி எப்படி வந்திருக்கிறது என்று விசாரித்தால் பேசவும் செய்வார்.

3. காலத்தைத் தவறவிடாதீர்கள்

இந்தப் பக்கத்துப் புல்வெளிக்கு மலைநாட்டுக் காலண்டர் பொருந்தாது. மே மாதக் கோடை மழை, ஆடி ஆவணியின் தென்மேற்குப் பருவமழை, புரட்டாசி ஐப்பசியின் பெருமழை என்று மழை தவணை தவணையாக வரும். பூவும் அப்படியேதான்.

கோடை மழை இரண்டு நல்லதாக விழுந்த பிறகு, வைகாசி, ஆனியில், கிழங்குச் செடிகள் முதலில் தலைகாட்டும். நிலப்பனை அந்த நேரத்துப் பூ: பனங்கன்று போன்ற இலைக்கு நடுவில், மண்ணோடு ஒட்டி, ஆறு இதழ் மஞ்சள் நட்சத்திரம். குனிந்து பார்க்காவிட்டால் தெரியாது. ஆவணியிலிருந்து கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், புதரில் ஏறத் தொடங்கும். புரட்டாசி முதல் கார்த்திகை வரைதான் உச்சம். விஷ்ணுகிராந்தி, ஓரிதழ் தாமரை, தும்பை, கிலுகிலுப்பை, சிவனார்வேம்பு, ஈரச் சரிவுகளில் காட்டுக் காசித்தும்பை எல்லாம் இந்த மூன்று மாதத்தில் பார்க்கலாம். மார்கழியில் புல் பழுப்பாகிவிடும். மாசி, பங்குனியில் புல்வெளியில் ஒன்றும் இல்லை, மரங்கள்தான் பூக்கும். புரசு இலை உதிர்த்துவிட்டுச் செக்கச் செவேலென்று நிற்கும். ஆனால் அது தீப்பருவம். மலையேற்றப் பாதைகளை வனத்துறை பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மூடிவிடுகிறது. அந்த மாதங்களுக்குத் தேதி கேட்டு மனுப் போடுவது வீண்.

நாளுக்குள்ளும் நேரம் இருக்கிறது. விஷ்ணுகிராந்தியின் நீலமும் கானாம்வாழையின் நீலமும் காலையில் மட்டும்தான். உச்சிவெயில் வரும்போது சுருங்கிவிடும். பெங்களூரிலிருந்து சாவகாசமாகக் கிளம்பிப் பதினொன்றரைக்கு வந்து இறங்குகிறவர்கள் "இங்கே ஒன்றுமே இல்லையே" என்று திரும்பிப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஏழு மணிக்கு இடத்தில் இருக்கப் பாருங்கள்.

4. அனுமதிக்கு மூன்று வழி. உங்களுக்கு எது என்று பாருங்கள்

முதல் வழி: இணையத்தில் பதிவு செய்யும் மலையேற்றம். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்ற திட்டத்தைத் தொடங்கி 40 பாதைகளை அறிவித்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குத்திராயன் சிகரப் பாதை ஒன்றும் அய்யூர் பக்கத்து ஏரிப் பாதை ஒன்றும் அந்தப் பட்டியலில் வந்தன. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து அதற்கேற்பக் கட்டணம். வழிகாட்டி கூடவே வருவார். நீங்கள் எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டாம். தனி ஆளாகவோ இரண்டு மூன்று பேராகவோ வருகிறவர்களுக்கு இதுதான் சரி. இதன் குறை நடை வேகம். கூட்டம் சிகரத்துக்குப் போகும், நீங்கள் ஒரு செடிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். கிளம்பும் முன்பே வழிகாட்டியிடம் "எனக்குச் செடிதான் முக்கியம், கடைசியில் நடந்து வருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அவரே செடி காட்டத் தொடங்கிவிடுவார். பூவுக்காக என்றால் குத்திராயனைவிட அய்யூர் பாதையை எடுங்கள் என்பது என் கருத்து. ஏற்றம் குறைவு, நின்று பார்க்க நேரம் கிடைக்கும்.

இரண்டாவது வழி: பள்ளி, கல்லூரி, இயற்கைச் சங்கம் மூலமாக ஒருநாள் களப்பயணம். இதற்கு மாவட்ட வன அலுவலரிடம் மனுக் கொடுக்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளுக்கு ஓசூர் வனக்கோட்டம். தருமபுரி மாவட்டத்தில் தருமபுரி, அரூர் என்று இரண்டு கோட்டங்கள். நீங்கள் போக நினைக்கும் இடம் எந்தக் கோட்டத்தில், எந்தச் சரகத்தில் (கோட்டத்தின் உட்பிரிவு, அதன் அலுவலர்தான் சரகர்) வருகிறது என்று தெரியாமல் மனு எழுதாதீர்கள். அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் வரை ஒரே காடாகத்தான் தெரியும், அலுவலகம் வேறு வேறு.

மூன்றாவது வழி: ஆராய்ச்சி அனுமதி. மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போக வேண்டும், தாவர மாதிரி சேகரிக்க வேண்டும் என்றால் இது ஒன்றே வழி. சென்னையில் உள்ள தலைமை வனஉயிரினக் காப்பாளர்தான் கொடுக்க வேண்டும். ஆய்வுத் திட்டம், நெறியாளர் கடிதம், நிறுவனத்தின் கடிதம், வரைபடம், காலவரையறை எல்லாம் கேட்பார்கள். கோட்ட அலுவலகத்தின் கருத்தும் கேட்கப்படும். சில மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். அடுத்த புரட்டாசிக்கு வேண்டும் என்றால் இந்தத் தையிலேயே எழுதத் தொடங்க வேண்டும். பூவைப் பார்த்துப் படம் எடுக்க மட்டும் ஆசைப்படுகிறவர் இதைத் தொடவே வேண்டாம். "ஆராய்ச்சி" என்ற சொல்லை மனுவில் போட்டால் கௌரவமாக இருக்கும் என்று சிலர் போடுகிறார்கள். அந்த ஒரு சொல்லால் மனு வேறு மேசைக்குப் போய்விடும், அங்கிருந்து சென்னைக்கும் போய்விடும். "தாவரங்களைப் பார்வையிட்டுப் புகைப்படம் எடுத்தல்" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

5. மனுவில் என்ன இருக்க வேண்டும்

இரண்டாவது வழியில் போகிறவர்களுக்கு இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியப் பகுதி. மனு ஒரே பக்கத்தில், தமிழில் இருக்கட்டும். தலைப்பில் கோட்டம், சரகம், இடம், தேதி நான்கும் வந்துவிட வேண்டும். "மேலகிரி மலை" என்று மட்டும் எழுதினால் எந்தச் சரகருக்கு அனுப்புவது என்று தெரியாமல் நிற்கும். மாற்றுத் தேதி ஒன்றையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். நீங்கள் கேட்ட நாளில் அந்தப் பக்கம் யானைக்கூட்டம் நின்றால் மனு அப்படியே நிராகரிக்கப்படாது, மாற்றுத் தேதிக்கு எழுதுவார்கள்.

இணைக்க வேண்டியவை: நிறுவனத் தலைவரின் கடிதம், வருகிறவர்களின் பெயர், வயது, கைபேசி எண் கொண்ட பட்டியல், ஒவ்வொருவரின் அடையாள அட்டை நகல், வண்டி எண்ணும் ஓட்டுநர் உரிம நகலும். மாணவர்கள் என்றால் பெற்றோரின் சம்மதக் கடிதம். எந்தத் தாவரத்தையும் பறிக்கமாட்டோம், தீ மூட்டமாட்டோம், குப்பை போடமாட்டோம், ட்ரோன் பறக்கவிடமாட்டோம் என்று ஒரு உறுதிமொழி. இதை யாரும் கேட்பதில்லை. நீங்களாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துப் பாருங்கள், வேலை வேகமாக நடக்கும்.

பட்டியலில் இருக்கும் ஆட்கள்தான் வர வேண்டும். கடைசி நேரத்தில் மச்சான், அக்கா பையன் என்று இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வந்தால் சோதனைச் சாவடியில் அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான்.

இரண்டு படி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். நாங்கள் கொடுத்த ஒரு மனு ஓர் அலுவலகத்தில் எங்கே போனது என்றே யாருக்கும் தெரியவில்லை. கையில் முத்திரை போட்ட படி இருந்ததால்தான் அதைத் தேடியாவது பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சரக அலுவலகத்தில் நேரில் போய் வனவரையோ சரகரையோ பாருங்கள். கோட்டத்திலிருந்து கேள்வி அங்கேதான் வரும், பதில் எழுதுகிறவரும் அவர்தான். உங்களை ஒருமுறை பார்த்துப் பேசியவர் சாதகமாக எழுதுவார்.

எப்போது கொடுப்பது? போக நினைக்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்பு. புரட்டாசிப் பயணத்துக்கு ஆவணிப் பிறப்பிலேயே. அக்டோபர் முதல் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். 2 முதல் 8 வரை வனஉயிரின வாரம். அலுவலர்கள் எல்லாரும் பள்ளி நிகழ்ச்சிகளில் இருப்பார்கள். அதையொட்டி ஆயுத பூஜை, தீபாவளி விடுமுறைகளும் வரும். மனு கொடுத்தவர்கள் "மூன்று வாரமாகப் பதில் இல்லை" என்று சலித்துக்கொள்வது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான்.

6. செலவு

அரசுக் கட்டணம் மாறிக்கொண்டே இருப்பதால் இங்கே எண் போடவில்லை. இணையப் பதிவு என்றால் தளத்திலேயே இருக்கும். கோட்ட அலுவலகம் என்றால் அனுமதிக் கடிதத்திலேயே எழுதித் தருவார்கள். நுழைவு, வண்டி, கேமரா மூன்றுக்கும் தனித்தனியாக இருக்கக்கூடும், கேட்டுக்கொள்ளுங்கள். எதற்குப் பணம் கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள்.

உண்மையில் பெரிய செலவு வண்டிதான். ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை ஏறக்குறைய 25 கிலோமீட்டர், பேருந்து தாராளமாக உண்டு. அதற்கு மேல் மலை ஊர்களுக்குப் பேருந்து குறைவு. காலை ஏழு மணிக்கு இடத்தில் இருக்க வேண்டும் என்றால் வாடகைக் கார்தான். நாலைந்து பேராகச் சேர்ந்தால் தாங்கும். தேன்கனிக்கோட்டையில் முதல் நாள் இரவே தங்கிவிடுவது இன்னும் நல்லது.

கூட வரும் உள்ளூர்க்காரருக்குக் கூலி கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். அவர் அன்றைக்குக் கொல்லை வேலையை விட்டுவிட்டு வருகிறார். முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள், சாப்பாடு உங்கள் பொறுப்பு. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஆயிரக்கணக்கில் கேமரா லென்ஸ் வாங்குவதற்கு முன் இதை வாங்குங்கள்.

7. யானையைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்

பூக்காலமும் யானை வரும் காலமும் இங்கே ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. கர்நாடகத்தின் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் ஐப்பசி வாக்கில் இறங்கி, ராகி அறுவடை முடியும் வரை ஓசூர், தேன்கனிக்கோட்டைக் காடுகளில் சுற்றும். ஆளுயரப் புல்லில் யானை நிற்பது இருபதடி தூரத்திலும் தெரியாது.

அதனால் அனுமதி கையில் இருந்தாலும், அன்று காலையில் வனக்காப்பாளரிடமோ வேட்டைத் தடுப்புக் காவலரிடமோ "இன்றைக்கு எங்கே நிற்கிறது?" என்று கேட்காமல் காலை எடுத்து வைக்காதீர்கள். அவர் "இன்றைக்கு வேண்டாம்" என்றால் திரும்பிவிடுங்கள். வாதம் செய்யாதீர்கள். வாசனைத் தைலம், பளிச்சென்ற துணி, பாட்டு எதுவும் வேண்டாம். தனியாகப் பின்தங்குவதும் வேண்டாம். செடி பார்க்கிறவர்களுக்கு இது ஒரு கெட்ட பழக்கம், குனிந்தால் நிமிர்வதில்லை. இருவர் இருவராக நின்று, ஒருவர் குனியும்போது மற்றவர் சுற்றிலும் பார்க்கட்டும்.

பாம்புக்கு முழங்கால் வரை மூடும் பூட்ஸும் கையில் ஒரு தடியும். உண்ணி கடிக்கும். வீடு திரும்பியதும் வெந்நீரில் குளித்து, துணியைத் தனியாக ஊறவையுங்கள். மலை ஊர்களுக்கு அப்பால் கைபேசி சிக்னல் போய்விடும். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று எழுதி ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கடி, காயம் எதுவானாலும் நாட்டு மருந்து தேடாமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கம் காவிரிக்கு அக்கரை கர்நாடகம், அங்கேயும் சரணாலயம்தான். இந்தப் பக்கத்து அனுமதி அந்தப் பக்கம் செல்லாது.

8. எங்கே, எப்படிக் குனிய வேண்டும்

ஒரு புல்வெளியில் இறங்கியதும் நடந்துகொண்டே பார்க்காதீர்கள். ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்தைத் தேர்ந்தெடுத்து அதன் ஓரத்தில் உட்காருங்கள். அரைமணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. முதல் ஐந்து நிமிடம் புல் மட்டும்தான் தெரியும். அப்புறம் ஒவ்வொன்றாக வரும்.

உதாரணமாக ஓரிதழ் தாமரை. சாண் உயரத்துக்கும் குறைந்த செடி. ஐந்து இதழ் உண்டு, நான்கு கண்ணுக்கே தெரியாத சிறியவை. ஐந்தாவது மட்டும் இளஞ்சிவப்பில் அகன்று, கீழே தொங்கும். லென்ஸ் வைத்து அந்த இதழின் அடியைப் பார்த்தால் கரும் ஊதாக் கோடுகள் உள்ளே போவது தெரியும், பூச்சிக்குத் தேன் இருக்கும் இடத்தைக் காட்டும் கோடுகள். நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த பொடியாக மட்டும் இதைப் பார்த்தவர்களுக்கு, பூத்து நிற்கும் செடியை அடையாளம் தெரிவதில்லை.

புல்லையும் பாருங்கள். பூ தேடி வருகிறவர்கள் புல்லை மிதித்துக்கொண்டு போகிறார்கள், புல்லுக்கும் பூ உண்டு. ஊசிப்புல்லின் விதை ஒன்றை உங்கள் கால்சட்டையிலிருந்தே எடுக்கலாம், எப்படியும் ஒட்டியிருக்கும். ஒரு முனையில் கூரான ஊசி, மறுமுனையில் கரும்பழுப்பு நிறத்தில் முறுக்கிய வால். உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முறுக்கு அவிழ்ந்து வால் மெல்லச் சுழலத் தொடங்கும். நனைந்தும் காய்ந்தும் அந்த விதை தன்னைத் தானே மண்ணுக்குள் திருகிக்கொள்வது இப்படித்தான். பிள்ளைகளோடு போனால் வேறு எதையும் காட்டாவிட்டாலும் இதைக் காட்டுங்கள்.

பாறைத் தளங்களைப் பலர் வெறும் பாறை என்று தாண்டிப்போகிறார்கள். இந்த மாவட்டத்தின் தனிச்சொத்து அதுதான் என்பேன். மழை மாதங்களில் பாறைப் பள்ளத்தில் விரல் ஆழம் மண்ணும் அதில் நீர்க்கசிவும் இருக்கும். அழுகண்ணியை அப்படிப்பட்ட இடத்தில் தேடுங்கள். தரையோடு ஒட்டிய சிவந்த இலை, இலை முழுக்க முடி, முடி ஒவ்வொன்றின் நுனியிலும் பிசின் துளி. காலை வெயில் சாய்வாக விழும்போது பனித்துளி என்று நினைப்பீர்கள். அதில் கொசு அளவுப் பூச்சிகள் ஒட்டிக் கிடக்கும், அவைதான் அதன் உணவு. சத்தில்லாத மண்ணில் பிழைக்க அந்தச் செடி கண்டுபிடித்த வழி. பாறை ஓரத்துக் காய்ந்த புதருக்கடியில் கள்ளிமுளையான் இருக்கும்: நான்கு பட்டையான சதைத் தண்டு, நுனியில் நட்சத்திரப் பூ. ஊர்க்காரர்கள் தண்டைத் துவையல் அரைப்பார்கள். அவர்கள் சொன்னார்கள் என்று சரணாலயத்துக்குள் நீங்கள் ஒடிக்கக்கூடாது.

ஆற்றோரம் வேறு உலகம். நீர்மருது மர நிழலில் புல்வெளிப் பூ இருக்காது. அதற்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள்.

9. இவற்றைச் செய்யாதீர்கள்

பறிப்பது. சட்டத்தின் 29-ஆம் பிரிவு சரணாலயத்திலிருந்து எதையும் அகற்றுவதைத் தடுக்கிறது. செங்காந்தள் நம் மாநில மலர்தான், ஆனால் அதன் கிழங்குக்கும் விதைக்கும் மருந்துச் சந்தையில் விலை இருப்பதால் காட்டில் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் வைக்க ஆசையாக ஒரு கிழங்கைத் தோண்டினாலும் குற்றம் குற்றம்தான். மேலும் அது கொடிய விஷம், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

விதைப்பந்து வீசுவது, மரக்கன்று நடுவது. நல்ல எண்ணத்தோடு செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மரம் இல்லாத புல்வெளி, மரம் வைக்கக் காத்திருக்கும் காலி இடம் கிடையாது. மேலே சொன்ன விஷ்ணுகிராந்தி, ஓரிதழ் தாமரை, நிலப்பனை எல்லாம் வெயில் வேண்டும் செடிகள். மரநிழல் விழுந்தால் சில ஆண்டுகளில் காணாமல் போய்விடும். புல்லை நம்பி இருக்கும் மானும் முயலும் காடையும் அப்படித்தான். ஏற்கெனவே உன்னிச்செடி (லாண்டானா என்ற வெளிநாட்டுக் களை) புகுந்து பாதிப் புல்வெளியை மூடிக்கொண்டிருக்கிறது, நாம் வேறு சேர வேண்டாம். பார்த்தீனிய விதை செருப்பில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். வண்டியிலிருந்து இறங்கியதும் பூட்ஸ் அடியைத் தட்டிச் சுத்தம் செய்துவிட்டு நடங்கள்.

பூவுக்குப் பின்னால் இருக்கும் புல்லைப் பிடுங்கிவிட்டுப் படம் எடுப்பது. படம் அழகாக வரும். அடுத்த ஆடு, மாடு, மான் எதன் கண்ணுக்கும் அந்தச் செடி பளிச்சென்று தெரியும்.

சிகரெட், கற்பூரம், அடுப்பு எதுவும் கூடாது. காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும்.

10. திரும்பி வந்த பிறகு

ஒரு செடிக்குப் பூ மட்டும் படம் எடுத்தால் பெயர் கிடைக்காது. முழுச்செடி, இலை அமைப்பு, பூவின் பக்கவாட்டு, காய், அளவு தெரிய அருகில் ஒரு நாணயம் என்று எடுங்கள். எந்த மாதிரி இடம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உயிரினப் படங்களைப் போட்டுப் பெயர் கேட்கும் தளங்களான ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் இரண்டிலும் பதிவேற்றலாம், இரண்டும் இலவசம். செயலி முதலில் சொல்லும் பெயரை அப்படியே நம்பிவிடாதீர்கள். கிலுகிலுப்பையில் மட்டும் இந்தப் பக்கம் பல இனம் உண்டு, படத்தை வைத்து அது குழம்பும். சந்தேகமானால் கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையமும், திருச்சியில் ராபினட் ஹெர்பேரியமும் (உலர்த்திய தாவர மாதிரிகளின் தொகுப்பகம்) இருக்கின்றன. உங்கள் கல்லூரித் தாவரவியல் துறை வழியாகக் கடிதம் எழுதிக் கேட்கலாம்.

தரை ஆர்க்கிட், செங்காந்தள், கள்ளிமுளையான் போன்றவற்றைப் பதிவேற்றும்போது இருப்பிடத்தை மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். முகநூல், வாட்ஸ்அப்பில் போடும்போது "கிருஷ்ணகிரி மாவட்டம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சரியான இடம் வெளியே போனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே கடப்பாரையோடு ஆள் வரும்.

கடைசியாக, பார்த்த செடிகளின் பட்டியலை ஒரு தாளில் தட்டச்சு செய்து, இடம், தேதியோடு சரகருக்கு ஒரு படியும் கோட்ட அலுவலகத்துக்கு ஒரு படியும் கொடுங்கள். உன்னிச்செடி புதிதாக எங்கே பரவியிருந்தது, எங்கே தோண்டிய குழி பார்த்தீர்கள் என்பதையும் அதில் எழுதுங்கள். முத்திரை வாங்கிய உங்கள் படியைப் பத்திரப்படுத்தி, அடுத்த வருட மனுவோடு இணையுங்கள்.